அப்பாவைத் தனியாக விட்டால் உடம்பு கெட்டுவிடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அம்மா தவறி ஒன்றேகால் வருஷம். அப்பாவுக்கு 68 வயது. பாலக்கோடு பக்கம் கிராமத்தில் ஒரு ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடுகளோடு தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், இருந்தும் போன மாதம் வெறும் வயிற்றில் 210. நீங்கள் ஓசூரில் ஷிஃப்ட் வேலை, மூன்றாவது மாடியில் வாடகை வீடு. 'தனிமை என்பது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்' என்று ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள். 'இது நிஜமா? மாட்டை விற்றுவிட்டுத் தை மாதத்துக்குள் அப்பாவைக் கூட்டி வந்துவிடட்டுமா?' என்று கேட்கிறீர்கள். எழுத்தில் இருப்பது மருத்துவக் கேள்வி. அதற்கு அடியில் 'நான் அப்பாவைக் கைவிட்டுவிட்டேனா' என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? முதல் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது தெளிந்தால் மற்றது கொஞ்சம் லேசாகலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 23 வருஷம் மருத்துவராக இருந்தேன். இப்போது காவேரிப்பட்டணத்தில் சாயங்காலம் மட்டும் ஒரு சின்ன கிளினிக். மனநல மருத்துவன் அல்ல, உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. அவரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உறவும் பழக்கமும் குறைந்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், சீக்கிரம் சாகிறார்கள். இது பெரியவர்கள் வாய்வார்த்தை மட்டுமல்ல, எண்ணிப் பார்த்த கணக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அலமேடா என்ற பகுதியில் 1965-ல் 6,928 பேரிடம் கல்யாணம், நண்பர்கள், சொந்தக்காரர்கள், சர்ச், சங்கம் என்று எல்லாவற்றையும் விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஒன்பது வருஷத்தில் யார் யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் என்ற இருவர் 1979-ல் அதை வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகக் குறைந்த ஆண்கள், நிறையத் தொடர்பு உள்ள ஆண்களைவிட 2.3 மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். பெண்களில் அது 2.8 மடங்கு. புகை, குடி, உடல் பருமன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

அந்த 15 சிகரெட் எங்கிருந்து வந்தது என்றால், 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் சகாக்களும் இப்படிப்பட்ட 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 3,08,849 பேர், சராசரியாக ஏழரை வருஷம். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50% அதிகம் என்று வந்தது. அந்த எண்ணைப் புகைப்பழக்கம் பற்றிய வேறு ஆய்வுகளின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி தன் அறிக்கையில் அதை மறுபடி சொன்னார். அங்கிருந்து வீடியோக்காரர்கள் கைக்கு வந்தது. எனக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது. சிகரெட் நுரையீரலில் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் காட்ட முடியும். விட்டால் ஆபத்து குறைகிறது என்பதும் நிரூபணமானது. தனிமை விஷயத்தில் அந்த இரண்டாவது நிரூபணம் இன்னும் கைக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். '50%' என்பதையும் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். அந்தக் கட்டுரையிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: நூறு பேரில் பாதிப்பேர் இறந்துபோன சமயத்தில் நின்று பார்த்தால், உறவு வலுவானவர்கள் பக்கம் ஐந்து பேர் கூடுதலாக உயிரோடு இருப்பார்கள். ஐந்து உயிர் சின்ன விஷயமில்லை. ஆனால் வீடியோ கிளப்பும் பீதிக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் அதே கட்டுரையின் உள்ளே, யாரும் வீடியோ எடுக்காத இடத்தில் இருக்கிறது. 'உறவு' என்பதை ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு விதமாக அளந்திருந்தது. ஒருவர் எத்தனை வகை மனிதர்களோடு கலந்து பழகுகிறார், எத்தனை இடங்களில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று பல கோணத்தில் அளந்த ஆய்வுகளில் பலன் மிக அதிகம், 1.91 மடங்கு. 'வீட்டில் தனியாக இருக்கிறாரா, கூட ஆள் இருக்கிறதா' என்று மட்டும் கேட்ட ஆய்வுகளில் பலன் மிகக் குறைவு, 1.19. ஒரே கூரைக்குக் கீழே எத்தனை தலை என்பதைவிட, காலையில் எழுந்து போக ஓர் இடமும் அங்கே தன்னைத் தெரிந்த நாலு பேரும் இருப்பது பெரிசு என்று நான் இதைப் படிக்கிறேன். முழுசாக முடிந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன். அதே ஆராய்ச்சியாளர் 2015-ல் வேறு 70 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தனியாக வசிப்பவர்களுக்கு இறப்பு ஆபத்து 32% அதிகம் என்று வந்தது. தனிமை உணர்வுக்கு 26%. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதும் உண்டு. அங்கே தனியாக இருக்கும் கிழவரும், திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் 'என்ன மாமா, மாடு கறந்தாச்சா' என்று கேட்கும் ஊரில் தனியாக இருக்கும் கிழவரும் ஒன்றில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது கட்டுரைகள் இல்லை. நான் கொடுத்த தப்பான ஒரு யோசனை. பதின்மூன்று, பதினாலு வருஷம் இருக்கும். மாரண்டஅள்ளி பக்கத்தில் ஒரு பெரியவர். மனைவி இறந்து ஆறு மாதம். சர்க்கரை 300-ஐத் தாண்டி நின்றது. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அடுப்பில் ஒரே ஒரு குண்டான். காலையில் வடித்த சோறு, அதையே மூன்று வேளையும், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். முன்பெல்லாம் அந்த அம்மா ராத்திரிக்கு ராகிக் களி கிண்டி, கீரையோ அவரையோ கடைந்து வைப்பார். 'யாருக்குன்னு சமைக்கிறது சார்' என்றார். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் நாங்கள் மாதாமாதம் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் கிழிக்கவே இல்லை. காலையில் டம்ளரில் தண்ணீரோடு மாத்திரையை நீட்டியது அந்த அம்மாவின் கை. கை போனதும் மாத்திரையும் போய்விட்டது. நான் அவர் மகனைக் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகவே, 'இவரை இங்க விடாதீங்க, ஓசூருக்குக் கூட்டிட்டுப் போங்க' என்றேன். மகன் நல்ல பிள்ளை. ஒரே வாரத்தில் மாட்டை விற்றார், வீட்டைப் பூட்டினார், கூட்டிப் போனார்.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பெரியவர் வந்தார். சர்க்கரை 130. மருமகள் வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டு, மாத்திரையைக் கையில் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குப் பெருமை. தலையைத் தூக்கி ஆளைப் பார்த்தேன். எட்டுக் கிலோ இறங்கியிருந்தார். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். ராத்திரி தூக்கமில்லை. லிஃப்ட்டில் ஏற பயம், மாடிப்படி இறங்க முழங்கால் விடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவது இந்தி. மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் ஸ்கூலுக்கு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் டி.வி. ஊரில் இருந்தவரை தினம் இரண்டு வேளை பால் சொசைட்டிக்குப் போய், கேனை இறக்கி, அளந்து எழுதி, திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்து தக்காளி விலையைத் திட்டிவிட்டு வருவார். அதை நான்தான் பிடுங்கினேன். மாட்டைச் சுமை என்று நினைத்தேன், அது அவரை ஊரோடு கட்டிவைத்திருந்த கயிறு என்று தோன்றவில்லை. (ஒருத்தர் கதையை வைத்து இதுதான் விதி என்று சொல்லவில்லை. ஓசூருக்குப் போய் பார்க்கில் கூட்டாளி சேர்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கும் பெரியவர்களும் என் நோயாளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பஸ் ஏறிப் பல ஊர் பார்த்துப் பழகியவர்கள்.)

உறவு எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று கேட்டால், முதல் வழி இந்த பிஸ்கட் டப்பாதான். சாப்பாடு, மாத்திரை, தூக்கம், 'மூஞ்சி ஏன் வீங்கியிருக்கு, டாக்டர்கிட்ட போ' என்று விரட்டும் வாய். இரண்டாவது, ஆபத்து வந்தால் கண்டுபிடிக்க ஆள். பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் பொதுவாக நாலரை மணி நேரம்தான். ராத்திரி பத்துக்கு வாய் கோணிய மனிதரைக் காலையில் பால்காரர் பார்த்து 108-ஐக் கூப்பிட்டால், தர்மபுரி மருத்துவக் கல்லூரியில் எல்லா வசதியும் இருந்தும் அந்த ஊசிக்கான வேளை தாண்டியிருக்கும். மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறார்கள்: மனப் பாரம் நாளடைவில் ரத்த அழுத்தத்தையும் நோய் எதிர்ப்பையும் மாற்றுகிறது என்று. இது வெறும் கற்பனை இல்லை. 1997-ல் ஷெல்டன் கோஹன் குழுவினர் நல்ல ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். மூன்றோ அதற்குக் குறைவோ உறவு வகைகள் உள்ளவர்களுக்கு, ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் அதிகம். ஆனால் சளியிலிருந்து மாரடைப்பு வரைக்கும் ஒரே கோடு போட்டுவிட முடியாது. படித்தவர்கள் மூன்றாவது வழியைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள், ஹார்மோன் பெயர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. என் அனுபவத்தில் முதல் இரண்டுமே ஆளைச் சாய்த்துவிடும்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்று. மனைவியை இழந்த ஆண்கள் தனி வகை. இங்கிலாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1969-ல் வந்தது. மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 213 பேர் இறந்துவிட்டார்கள், அந்த வயதில் வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட 40% அதிகம். உங்கள் அப்பா அந்த முதல் கண்டத்தைத் தாண்டிவிட்டார் என்பது நல்ல செய்தி. நம் பக்கத்தில் நான் பார்ப்பது என்னவென்றால், ஆணின் உறவுகளெல்லாம் மனைவி வழியாகத்தான் ஓடுகின்றன. அத்தைக்கு போன் போடுவது, பங்காளி வீட்டுப் பெண் முழுகாமல் இருந்தால் விசாரிப்பது, கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று ஞாபகம் வைத்திருப்பது, எல்லாம் அந்த அம்மா. அவர் போனதும் போன் அடிப்பது நின்றுவிடுகிறது. சொந்தக்காரர்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை, இவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கணவனை இழந்த பெண்கள் இதில் தேவலாம். அவர்களுக்குக் குழு இருக்கிறது. ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-ல், நம் தர்மபுரியில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டமாகப் பிரியவில்லை. கடனுக்கும் சேமிப்புக்கும் என்று ஆரம்பித்த ஏற்பாடு. ஆனால் ஒரு கூட்டத்துக்கு வராவிட்டால் அன்று சாயங்காலமே பத்துப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்று 'ஏக்கா வரல?' என்று கேட்கிறாள். இதற்கு எந்த மருந்துக் கடையிலும் சீட்டு எழுத முடியாது. ஆண்களுக்கு இப்படி என்ன இருக்கிறது? டீக்கடை உண்டு, பால் சொசைட்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை உண்டு. பிறகு டாஸ்மாக். கடைசியில் சொன்னதும் ஓர் உறவுக் கூடம்தான், அதன் விலை உங்களுக்கே தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் நாளில் காலை ஏழரைக்கே பெஞ்ச் நிறைந்துவிடும். சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் திறப்பது அதற்கப்புறம்தான். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஓர் ஆயாவைக் கேட்டேன். 'வூட்ல இருந்தா சுவத்தோடவா பேசறது' என்றார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். மாத்திரை வீட்டுக்கே வந்தது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கும் கூலி நாளை விட முடியாதவர்களுக்கும் அது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எங்கள் பெஞ்ச்சில் நாலைந்து பேர் மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாளில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். யாரும் விரட்டவில்லை.

கூட ஆள் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுக் குடும்பம் என்றதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் ஏழு பேர் இருக்கும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளரோடு கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பார்த்ததில்லை. கெட்ட உறவு உடம்பைக் கெடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கி, எவ்வளவு நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் கடுகடுவென்று விழுகிற தம்பதிகளுக்குக் காயம் ஆறிய வேகம், சுமுகமாக இருந்தவர்களுடைய வேகத்தில் 60% தான். 2005-ல் வந்த ஆய்வு இது. சின்ன ஆய்வு, அதனால் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டம்மாவிடம் இதுவரைக்கும் பேசினீர்களா என்று உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை. களி கிண்டப்போவது யார், லீவ் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப்போவது யார் என்பதை அவரும் நீங்களும் உட்கார்ந்து முதலில் பேசுங்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றும் குழம்பு உங்கள் அப்பாவுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

இனி சந்தேகமானதற்கு வருகிறேன். தனிமை நோயைக் கொண்டுவருகிறதா, நோய்தான் ஆளைத் தனிமைப்படுத்துகிறதா? இரண்டும் நடக்கிறது, எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். காது கேட்காதவர் பேச்சுக் கூட்டத்திலிருந்து தானாக விலகுவார். கண்புரை வந்தவர் இருட்டினால் வெளியே போகமாட்டார். நம் பக்கம் இன்னொன்றும் உண்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். அதற்கு முன் பல வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகி நடையே குறைந்திருக்கலாம். அப்படி ஒருத்தர் திண்ணையை விட்டு இறங்காததற்கு 'பொண்டாட்டி போன ஏக்கம்' என்று ஊர் சொல்லும். எக்ஸ்ரே வேறு சொல்லும்.

அதைவிட முக்கியமான சந்தேகம், தனிமையைப் போக்கினால் ஆயுள் கூடுமா என்பது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களில் மனச்சோர்வோ ஆதரவுக் குறைவோ இருந்த 2,481 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு முறையான மன ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. மனச்சோர்வு குறைந்தது, ஆதரவு இருக்கிறது என்ற உணர்வும் கூடியது. ஆனால் இறப்பும் மறு மாரடைப்பும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. தனிமையைச் சிகரெட்டோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த ஆய்வைச் சொல்வதே இல்லை. இன்னொரு பக்கம் ஜிம்பாப்வேயில் மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெஞ்ச் போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்காரவைத்து மனம் விட்டுப் பேசச் செய்தார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனையில் ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. ஆயுள் கூடியதா என்பது அந்தச் சோதனையின் கேள்வியே இல்லை. ஆக, அப்பாவோடு பேசினால் அவர் மனசு தேறும் என்று தைரியமாகச் சொல்வேன். அதனால் இத்தனை வருஷம் கூட இருப்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனசு தேறுவதே போதுமான காரணம் இல்லையா?

அடுத்த லீவில் போகும்போது வீட்டைக் கொஞ்சம் உளவு பாருங்கள். மாத்திரை அட்டையில் எத்தனை கிழிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'சாப்பிட்டியாப்பா' என்று போனில் கேட்டால் 'சாப்டேன்' என்றுதான் வரும், எந்த அப்பாவும் வேறு பதில் சொல்லமாட்டார். 'இன்னிக்கு என்ன கொழம்பு', 'சொசைட்டியில எத்தனை லிட்டர் ஊத்துன' என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும். தர்மபுரியில் ஒரு தடவை மூன்று மாத சர்க்கரைச் சராசரி, கிட்னி, தைராய்டு பரிசோதனைகள் எடுங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து, ஏக்கம் பிடித்தவர் மாதிரித்தான் தெரிவார். கண், காது இரண்டையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, 'அப்பா தனியாக இருக்கிறார்' என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுவோம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, சமைக்கச் சலித்து ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுக்க ஆளில்லை என்பது தெரிந்தால் மாத்திரையின் தேர்வே மாறும்.

நம் ஊர் ஆண்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்லமாட்டார்கள். 'தலை கிறுகிறுங்குது', 'ஒடம்பெல்லாம் எரியுது', 'சோறு எறங்கல', 'கை கால் அசதி' என்றுதான் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தது என்றால் அதைத் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கொட்டகையில் மிச்சம் வைத்திருக்கும் பூச்சிமருந்தை, ஒன்றும் இல்லாவிட்டாலும்கூட, ஒரு சாக்குச் சொல்லி வெளியே எடுத்துப் போய்விடுங்கள். கீழே விழ ஆரம்பித்தாலும், அடுப்பை அணைக்க மறந்தாலும், பழகிய பாதையில் வழி தடுமாறினாலும் கணக்கு வேறு. அப்போது மாடு, சொசைட்டி என்று நான் எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுக் கூட்டி வந்துவிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஒரே ஒரு கேள்வி: நாளைக் காலையில் அப்பா கதவைத் திறக்காவிட்டால் எத்தனை மணிக்குள் யாருக்குத் தெரியும்? பால் ஊற்றுகிறவரை ஆறரை, ஏழுக்குள் சொசைட்டியில் தெரிந்துவிடும். அங்கே எழுதுகிறவரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, 'ஒரு வேளை வரலன்னாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே' என்று சொல்லிவைக்கலாம். மாடு இரண்டு அதிகம் என்றால் ஒன்றை விற்கலாம். மதியச் சோற்றுக்குப் பக்கத்து வீட்டில் மாசம் இவ்வளவு என்று பேசிவைக்கலாம். கூச்சப்படுவார், காசு கொடுத்தால் கூச்சம் குறையும். ஓசூருக்கு ஒரேயடியாகக் கூட்டி வராமல் பதினைந்து நாள் வந்து இருக்கச் சொல்லிப் பார்க்கலாம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ரயிலும் இருக்கிறது. பிடித்தால் நீட்டட்டும், வீட்டுச் சாவி மட்டும் அவர் மடியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. 2015 தொகுப்பில், உறவுக் குறைவின் பாதிப்பு சராசரி வயது 65-க்குக் கீழே இருந்த ஆய்வுகளில்தான் அதிகமாகத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு என்கிறது, அதிலும் இளவயதுக்காரர்கள் பங்கு அதிகம். மாறி மாறி ஷிஃப்ட், நைட் முடிந்து வந்தால் வீட்டில் ஆள் இல்லை, ஓசூர் வந்து ஆறு வருஷத்தில் பேர் சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை என்று அப்பாவைப் பற்றிய கேள்விக்கு நடுவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் சர்க்கரை எனக்குத் தெரிகிறது. உங்கள் பிரஷர் எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?